மேளத்துக்கு அடங்காத வண்டி

கல்யாணப் பெண் தன் கல்யாணத்துக்குத் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போவது எங்கள் கிள்ளான் பக்கத்தில் அதுவரை நடந்ததில்லை. நடக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் நாத்தனார் வீரம்மாவுக்குத் தோன்றியது.

வீரம்மா அக்கா லோரி டிரைவர். மாமனார் இறந்தபோது விட்டுப்போனது ஒரு பழைய லோரியும் இரண்டு பிள்ளைகளும். பிள்ளைகளில் இளையவர் என் வீட்டுக்காரர் விஜயன். அவர் வெல்டிங் பக்கம் போய் கிள்ளானில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். மூத்தவர் அக்கா, லோரியில் ஏறி உட்கார்ந்தார். பந்திங் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போவது அவர் வேலை. நான் பட்டறையின் மூலையில் தையல் மிஷின் போட்டு லோரிகளுக்கும் பஸ்களுக்கும் சீட்டு தைக்கிறேன். ஆக, எங்கள் வீட்டில் சும்மா இருந்தது பூனை ஒன்றுதான்.

முப்பத்தெட்டு வயது வரைக்கும் அக்காவுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. காரணம் ஜாதகம் இல்லை, லோரி. முதலில் வந்த இடம் "பொண்ணு லோரி ஓட்டுதாமே" என்று பாதியில் திரும்பிப் போனது. அடுத்த முறை தாய்மாமா தம்புசாமி உஷாராகிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் லோரியைச் சீனன் கடைக்குப் பின்னால் ஒளித்து நிறுத்தி, என் தையல் மிஷினைத் தூக்கி வந்து கூடத்தில் வைத்து, "பொண்ணு வீட்டோட இருந்து துணி தைக்குது" என்று சொல்லிவிட்டார். காப்பி கொடுத்து முடிக்கவில்லை, ஆலைக்காரன் வாசலில் வந்து நின்று, "வீரம்மா, நாளைக்கு லோரி வருமா வராதா?" என்று கத்தினான். மாமாவுக்கு அக்கா மேல் உயிர். அந்த உயிரை வைத்துக்கொண்டுதான் இப்படி மானத்தை வாங்கினார். அன்று அக்கா அழவில்லை. தையல் மிஷினைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் வைத்துவிட்டு வந்தார். அழுதது நான்.

பிறகு வந்தவர்தான் கன்னையா. பந்திங் பஸ் டிரைவர். தன் பஸ்ஸைத் தினமும் ஒரு லோரி முந்திக்கொண்டு போவதைப் பார்த்து, அதை ஓட்டுவது யார் என்று விசாரித்து, தெரிந்ததும் நேரே வீட்டுக்கே வந்து பெண் கேட்டார். லோரியை யாரும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. அதன் பக்கத்தில்தான் அவர் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

தேதி குறித்த வாரத்தில் விஜயன் பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில் முடி வெட்டிக்கொண்டு, அந்தக் கடையில் கிடந்த பழைய அமெரிக்கக் கார் பத்திரிகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அக்கா சோற்றைப் பிசைந்தபடியே ஒரு பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சோறு காய்ந்துவிட்டது.

அது ஹாட் ராட். அந்தக் காலத்துக் காரை எடுத்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்து, வண்டிக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய எஞ்சினை முன்னால் உட்கார வைப்பது. பானெட் கிடையாது, எஞ்சின் ஊருக்கே தெரியும்படி திறந்து கிடக்கும்.

"விஜயா, இதை நம்ம பட்டறையில செய்ய முடியுமா?"

"முடியும்லா. பழைய காரு வேணும், பெரிய எஞ்சின் வேணும், மூளை கொஞ்சம் கழண்டிருக்கணும்."

"கடைசியா சொன்னது நம்ம வீட்டுல ஸ்டாக் இருக்கு," என்றேன் நான்.

அக்கா சிரிக்கவில்லை. "இதுலதான் நான் கோயிலுக்கு வருவேன். நானே ஓட்டிக்கிட்டு. யாரும் தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது. எஞ்சின் ஓடிக்கிட்டே வாசல்ல போய் நிக்கணும். இவ வண்டி ஓட்டுறவதான்னு எல்லாரும் நல்லா பாத்துக்கட்டும்."

மாமா காதுக்கு இது போகாமல் இருக்குமா? மறுநாளே வந்துவிட்டார். "கல்யாணப் பொண்ணு ஸ்டியரிங் புடிச்சா ஊரு சிரிக்கும் தாயி. நான் மெர்சிடிஸ் கேட்டு வச்சிருக்கேன். நீ மகாராணி மாதிரி பின்னால உக்காந்து வா."

"சிரிச்சா சிரிக்கட்டும் மாமா. நான் முன்னாலயே உக்காந்து வரேன்."

"நடுரோட்டுல நின்னு போச்சுன்னா?"

மாமா பயந்ததிலும் நியாயம் இருந்தது. நின்றுபோனால் அவ்வளவுதான். பேரன் பேத்தி எடுத்த பிறகும், "பொம்பளை ஓட்டின வண்டி அன்னைக்கு நின்னு போச்சே" என்றுதான் சொந்தக்காரர்கள் பேசுவார்கள். வேறு எதையும் நினைவில் வைக்க மாட்டார்கள். எங்கள் சொந்தக்காரர்களை எனக்குத் தெரியும்.

மாமா காப்பியைத் தொடாமல் போய்விட்டார். நாங்கள் வேலையில் இறங்கினோம்.

வண்டி பந்திங்கிலேயே கிடைத்தது. ஒரு தோட்டத்தில் பழைய ஃபோர்ட் பிரிஃபெக்ட் ஒன்று கொட்டகைக்குள் செத்துக் கிடந்தது. பின் சீட்டில் கோழி அடை படுத்திருந்தது. குஞ்சு பொரிக்கும் வரை தோட்டக்காரர் வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். குஞ்சுகளுக்காகக் காத்திருந்த ஹாட் ராட் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் இருக்கும்.

விஜயன் லோரிக்குப் பாடி கட்டும்போது தாளில் வரைய மாட்டார். பட்டறையின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைவார். தகட்டை அந்தக் கோட்டின் மேலேயே வைத்து வெட்டுவார். இதையும் அப்படித்தான் வரைந்தோம். வரைந்தோம் என்றால் அக்கா வரைந்தார். விஜயன் கோடு போடுவார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்து, காலால் அழித்துவிட்டு வேறு கோடு போடுவார். மூக்கு இன்னும் நீளம். பின்பக்கம் இன்னும் தாழ்வு. நானும் என் பங்குக்கு முதுகு சாயும் கோணத்தைச் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில்கூட மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டோம். எனக்கு அந்த நாட்களில் தூக்கத்திலும் கை தைத்துக்கொண்டிருந்ததாக விஜயன் சொல்கிறார். இருக்கும். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

கூரையை எவ்வளவு வெட்டுவது என்பதில் சண்டை வந்தது. பத்திரிகையில் இருக்கும் வெள்ளைக்காரன் தொப்பி போட்டிருந்தான். எங்கள் பெண்ணுக்குக் கொண்டை, கொண்டையைச் சுற்றி மல்லிகை, நெற்றிச்சுட்டி எல்லாம் உண்டு. "படத்துல இருக்கிற மாதிரி வெட்டினா தாலி கட்டும்போது தலையில பூ இருக்காது, கூரையிலதான் இருக்கும்," என்றேன். கடைசியில் அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்து, கொண்டைக்குப் பதில் தலையில் ஒரு தேங்காயை வைத்து, அதற்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு அளவெடுத்தோம். பட்டறைக்கு வந்த சீனன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்து வெளியே காத்திருந்தான். புடவைக் கரை பெடலில் மாட்டக் கூடாதென்று பெடல்களைத் தள்ளி வைத்தோம். வளையல் உரசக் கூடாதென்று கியர் கம்பியை வளைத்தோம். இப்படி ஒரு கல்யாணப் பெண்ணுக்கு என்னென்ன உண்டோ அத்தனையையும் யோசித்துத்தான் கட்டினோம். ஒன்றைத் தவிர.

எஞ்சின் ஹோல்டன் காருடையது, ஆறு சிலிண்டர். உள்ளே வைத்துப் பார்த்தால் நீளம் அதிகம். ரேடியேட்டரை எஞ்சினோடு ஒட்டி வைக்க வேண்டியதாயிற்று. இரண்டுக்கும் நடுவில், சூட்டைத் தணிக்கிற காத்தாடிக்கு இடமே இல்லை.

"மூக்கை ஒரு அங்குலம் நீட்டட்டுமா அக்கா? காத்தாடி வைக்கணும்," என்றார் விஜயன்.

அக்கா தள்ளி நின்று பார்த்தார். மூக்கு அப்படியே வெட்டி வைத்ததுபோல அழகாக இருந்தது. "வேணாம்லா. ஓடுற வண்டிக்கு எதிர்க்காத்து போதும். இவ நிக்கப் போறதில்ல."

மாதுளை முத்து நிறத்தில் வண்ணம் அடித்தோம். உள்ளே யானைத் தந்த நிற ரெக்சினில், வரிவரியாகப் பஞ்சு திணித்து நான் சீட்டு தைத்தேன். பதிவு செய்யப் போன மோட்டார் ஆபீஸில் அதிகாரி வண்டியை மூன்று சுற்று சுற்றிவிட்டு, சக்கரத்துக்கு மட்கார்டு இல்லாமல் விட மாட்டேன் என்றார். மெல்லியதாக நாலு வைத்துக்கொண்டு போனோம். இரண்டாவது தடவை முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, "கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

முதல் ஓட்டம் பந்திங் சாலையில், விடிந்து கொஞ்ச நேரத்தில். அக்கா ஓட்டினார், நான் பக்கத்தில். எஞ்சின் சத்தம் காதுக்குள் வரவில்லை, விலா எலும்புக்குள் வந்தது. செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் பச்சைச் சுவராகி ஓடின. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அக்கா ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணை எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளிலும் வைத்திருந்தார். முள் நடுவில் நின்றது, அசையவே இல்லை. எதிரே கன்னையாவின் பஸ் வந்தது. தூரத்திலேயே விளக்கைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து, கடந்து போகும்போது ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பயணிகள் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டுப் பார்த்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பூரிப்பு என்று சொல்வார்களே, அது அப்படித்தான் இருக்கும்.

கல்யாணத்தன்று காலை மாமா வந்தார். தலைப்பாகை, சந்தனம், அங்கவஸ்திரம். கோபமெல்லாம் போயிருந்தது. "நீ எதுல வேணும்னாலும் வா தாயி, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா என் அக்கா மவ மேளம் இல்லாம கோயிலுக்கு வரக் கூடாது. பிரிக்பீல்ட்ஸ் மேளம் சொல்லியிருக்கேன், பெரிய கோஷ்டி. தெங்கு கிளானா தெரு முனையிலிருந்து உன் வண்டிக்கு முன்னால வாசிச்சிக்கிட்டே வருவாங்க."

அக்கா அவர் காலில் விழுந்தார். எனக்கும் கண் கலங்கியது. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். மேளம் என்றால் என்ன வேகத்தில் போகும் என்பது எங்கள் மூன்று பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

தெங்கு கிளானா முனையில் நாதஸ்வரக்காரர் நல்ல ஆகிருதியோடு நின்றிருந்தார். ஆரம்பித்தார். ஆகா, என்ன வாசிப்பு. ஒரு அடி எடுத்து வைப்பார், நிற்பார், ராகத்தை ஒரு சுழற்று சுழற்றுவார், கடைக்காரர்கள் தலையாட்டுவார்கள், அதற்காக இன்னொரு சுழற்று, பிறகு அடுத்த அடி. தவில்காரர் அவரை விட நிதானம். மாமா அவர்களுக்குப் பக்கத்தில் மார்பை நிமிர்த்தி நடந்தார். நாங்கள் பின்னால் கிளட்ச்சில் ஊர்ந்தோம். எங்களுக்குப் பின்னால், வேண்டியிருந்தால் இருக்கட்டும் என்று மாமா கொண்டுவந்த மெர்சிடிஸ். அதற்கும் பின்னால் விஜயன், சீர்வரிசையோடு லோரியில்.

பூக்கடையைத் தாண்டியபோது அக்கா, "சந்திரா, முள்ளைப் பாரு," என்றார்.

முள் நடுவை விட்டு நகர்ந்திருந்தது. துணிக்கடை வாசலில் மேளம் நின்று ஒரு கீர்த்தனை முழுதாக வாசித்தது. முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்க்காற்று எங்கே? ஆமை நடையில் போகிற வண்டிக்கு எந்தக் காற்று வரும்? யானையை வாங்கிவிட்டு அங்குசத்தை விட்டுவிட்டோம். பூவை யோசித்தோம், புடவையை யோசித்தோம், வளையலை யோசித்தோம்; மேளத்தை யோசிக்கவில்லை. தமிழன் வீட்டுக் கல்யாணத்துக்கு வண்டி கட்டியவர்கள் மேளத்தை மறந்திருக்கிறோம்.

மேளத்தை முந்திக்கொண்டு பெண் போனால் அபசகுனம். மேளத்தை நிறுத்தச் சொன்னால் அதைவிடப் பெரிய அபசகுனம். சீக்கிரம் நடங்கள் என்றால் நாதஸ்வரக்காரர் பையில் வாத்தியத்தைப் போட்டுக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்விடுவார். எஞ்சினை அணைத்தால் தள்ள வேண்டும். கோயிலோ தெருவின் அந்தக் கடைசியில் இருக்கிறது. முகூர்த்த நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ரேடியேட்டர் மூடியின் ஓரத்தில் வெள்ளையாக ஆவி எட்டிப் பார்த்தது.

கூட்டத்தில் யாரோ, "புகையுதுடி," என்றாள். மாமா திரும்பிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். குத்திக்காட்டுவார் என்று நினைத்தேன். இல்லை. அவர் முகத்தில் பயம்தான் இருந்தது. "இறங்கு தாயி. மெர்சிடிஸ் பின்னாலயே இருக்கு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அக்கா ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "மாமா, இது நின்னா கொதிக்கும், ஓடினா ஆறிடும். ஆத்துப் பாலம் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு மேளத்துக்குப் பின்னாலயே வந்து சேந்துக்கிறேன்."

"கல்யாணப் பொண்ணை ரோட்டுல தனியா விட்டுட்டு நான் என்னா தாய்மாமன்?"

"அப்ப ஏறுங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் அதற்குள் இறங்கிவிட்டிருந்தேன். அவர் குனிந்து உள்ளே நுழைந்தபோது தலைப்பாகை கூரையில் இடித்துக் கழன்று மடியில் விழுந்தது. அதை எடுத்து வைப்பதற்குள் அக்கா வண்டியைத் திருப்பிவிட்டார். பக்கத்துச் சந்தில் புகுந்து, ஒரே உறுமல். மாமாவின் "முருகா" மட்டும் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.

தெரு அப்படியே வாயைப் பிளந்தது. பெண் இல்லாமல் மேளம் வாசித்துக்கொண்டிருந்தது. நம் ஆட்களுக்குச் சேதி சொல்லக் கற்றுத்தரவா வேண்டும்? "பொண்ணு ஓடிப் போச்சு, ஒரு கெழவரோட" என்று கோயிலுக்குச் சேதி போய்விட்டது. மணவறையில் இருந்த கன்னையா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "எந்தப் பக்கம்?" பாலத்துப் பக்கம் என்றதும், "ரேடியேட்டர் சூடாயிருக்கும். வந்துரும்," என்று சொல்லிவிட்டு ஐயர் சொன்ன மந்திரத்தைத் தொடர்ந்து சொன்னாராம். அப்படிப்பட்ட மனுஷனைப் பிடித்துத் தந்ததற்கு அந்தச் செம்பனைச் சாலைக்குத்தான் கற்பூரம் காட்ட வேண்டும்.

ஆனால் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. மாரியம்மா, மாரியம்மா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு நின்றேன். பாலத்தில் நின்றுபோயிருந்தால்? யாராவது கயிறு கட்டி இழுத்து வந்தால்? அக்காவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

முதலில் சத்தம்தான் வந்தது. விலா எலும்புக்குள் வருகிற அதே சத்தம். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. மாதுளை நிறத்தில் வண்டி வந்து மேளத்துக்குப் பின்னால் நின்றது. ஆவி இல்லை. மாமா கதவைத் திறந்து இறங்கினார். இருக்கும் நாலு முடியும் செங்குத்தாக நின்றது. மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. வாய் நிறையச் சிரிப்பு. அறுபது வயதில் அவருக்கு அத்தனை பல் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"முள்ளு இறங்கிருச்சு," என்றார் என்னிடம். ஏதோ தானே எஞ்சின் கட்டியவர் மாதிரி. பிறகு நேரே நாதஸ்வரக்காரரிடம் போய்க் கை கூப்பினார். "ஐயா, எல்லாரும் லோரியில ஏறணும்."

"அண்ணே, மேளம் நடந்துதானே வரும். எங்க அப்பா காலத்துலருந்து நடந்துதான் வருது."

"வரும் ஐயா. இன்னைக்கு மட்டும் கொஞ்சம் ஓடட்டும். எங்க பொண்ணு வண்டி நடக்காது."

நாதஸ்வரக்காரர் வண்டியைப் பார்த்தார், மாமாவின் முடியைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வாத்தியத்தைத் தவில்காரரிடம் கொடுத்துவிட்டு லோரியின் பின்பலகையில் கால் வைத்தார். விஜயனும் நாலு பேரும் அவரைத் தூக்கி ஏற்றினார்கள். நான் என் இடத்தில் உட்காரப் போனேன். அங்கே மாமா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். "நீ லோரியில வா," என்றார். வெட்கமே இல்லாமல்.

ஆக நான் பட்டுப் புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு லோரியில் ஏறி, சீர்வரிசைத் தட்டுக்கும் தவிலுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். விஜயன் மெர்சிடிஸைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து கிளப்பினார். அப்படி ஒரு வாசிப்பைக் கிள்ளான் அதற்கு முன்னால் கேட்டிருக்காது. லோரி குலுங்க ராகம் குலுங்கியது. தவில்காரர் என் தோளில் சாய்ந்துகொண்டு அடித்தார். பின்னால் ஆறு சிலிண்டரும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கடைக்காரர்கள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். நான் திரும்பி அக்காவைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சாய்ந்து, பூ பாதி உதிர்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

கோயில் வாசலில் வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கன்னையாவின் பெரியப்பா முன்னால் வந்து, இறங்கிய மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சம்பந்தி, இந்த வயசுல இம்மாம் பெரிய எஞ்சினை என்னமா அடக்கி ஓட்டிட்டு வந்திட்டீங்க."

கூட்டம் மாமாவைப் பார்த்தது. மாமா ஸ்டியரிங் இல்லாத பக்கமிருந்துதான் இறங்கினார்; அதுவும், தாழ்ந்த கூரைக்குள் ஸ்டியரிங் பிடித்திருந்த அக்காவும் யார் கண்ணிலும் படவில்லை. ஓட்டியது ஆண் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். தலையாட்டிவிட்டால் போதும், எல்லாம் கௌரவமாக முடிந்துவிடும். நான் லோரி மேல் எட்டி நின்று மாமாவின் தலையையே பார்த்தேன்.

மாமா கையை விடுவித்துக்கொண்டார்.

"நானா? எனக்கு சைக்கிளே ஓட்ட வராது," என்றார், கடைசியில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. "எங்க பொண்ணு லோரி டிரைவர். இந்த வண்டியைக் கட்டினதும் அது, ஓட்டிட்டு வந்ததும் அது."

பெரியப்பா குனிந்து உள்ளே பார்த்தார். வீரம்மா அக்கா அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு எஞ்சினை அணைத்தார். பிறகு புடவைக் கரையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்ற கையை மாமாவிடம் நீட்டினார்.

"கையைக் குடுங்க மாமா. இறங்கணும்."